கழி, ரேக், கலிங்கு: ஓர் ஏரியின் செடிகளைக் கணக்கெடுக்கும் முறை

60 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, ஒரு கரை, இரண்டு மதகு, ஏரி நிறைந்தால் உபரிநீர் வழிந்தோடும் கலிங்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, கோடையில் முக்கால்வாசி வற்றிப்போகும் வானம் பார்த்த ஏரி. தமிழ்நாட்டுச் சமவெளியில் எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒன்று கண்ணில் படும். அதில் என்னென்ன செடி, எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவ்வளவு அடர்த்தியில் இருக்கிறது என்பதை, சில வருடம் கழித்து வேறொருவர் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி பதிவதற்கான முறை இது. இரண்டு பேர், ஒரு தெப்பம், தண்ணீரில் மூன்று நாள். உலர்த்தும் வேலை ஒரு வாரம் இழுக்கும்.

கரையில் நடந்து பார்த்து எழுதும் இனப்பட்டியலும் பயன்படும்தான். ஆனால் அதில் "ஹைட்ரில்லா (நீருக்குள் மூழ்கி வளரும் ஒரு செடி) இருந்தது" என்று மட்டும் இருக்கும். எங்கே தேடினார்கள், எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்பது இருக்காது. அடுத்த முறை போகிறவருக்கு அது கிடைக்காவிட்டால், செடி அழிந்துவிட்டதா அல்லது முதலாமவர் பார்த்த மூலைக்கு இவர் போகவே இல்லையா என்று சொல்ல வழியில்லை. அதனால்தான் புள்ளி முறை. ஒரு புள்ளிக்கு ஒரு வரி. செடி இல்லாத புள்ளிக்கும் ஒரு வரி.

எப்போது, யாரிடம் கேட்டு

மழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் செம்மண் கரைசலாக இருக்கும். மூழ்கிய செடி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் முதல் சுற்று: ஜனவரி பிற்பாதி முதல் பிப்ரவரி வரை. இரண்டாவது சுற்று ஏப்ரல், மே. அப்போது வற்றிய தரையில் முளைக்கும் செருப்படி, மாசிப்பத்திரி போன்றவை நிறைந்த ஏரியில் இருக்கவே இருக்காது. ஒரு சுற்றோடு நிறுத்தினால் பாதி ஏரியைத்தான் பார்த்ததாக அர்த்தம்.

ஆயக்கட்டு, அதாவது ஏரியில் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையின் கையில். அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. இவர்களுக்கெல்லாம் முன்னால் பேச வேண்டியவர் மீன்பாசிக் குத்தகை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவர். வலை எங்கே கட்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். இன்னொன்றும் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: என்ன மீன்குஞ்சு விட்டிருக்கிறார்? செடி தின்னும் புல்கெண்டை விட்டிருந்தால் ஹைட்ரில்லா குறைவாக இருப்பதற்குத் தண்ணீரின் தரத்தைக் காரணம் காட்டி எழுதிவிடக் கூடாது. மீனின் வயிற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புள்ளி போடுதல்

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் புரட்டி, ஏரி நிறைந்திருக்கும் ஒரு படத்தைத் தேர்ந்து நீர்விளிம்பை வரைந்துகொள்ள வேண்டும். மே மாதப் படத்தில் வரைந்தால் சுற்றிலும் உள்ள ஆழமில்லாத பகுதி முழுக்க விட்டுப்போகும்; செடிவகை அதிகம் இருப்பது அங்கேதான்.

அந்தப் பரப்பின் மேல் கியூஜிஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் 75 மீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டால், 6,00,000 சதுர மீட்டரை 5,625 ஆல் வகுக்க, சுமார் 106 புள்ளிகள் வரும். முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் இங்கே ஒரு தடவை தடுக்கி விழுவார்கள்: வரைபடம் அட்சரேகை, தீர்க்கரேகை அலகில் இருக்கும்போது 75 என்று கொடுத்தால் மென்பொருள் அதை 75 பாகை என்று எடுத்துக்கொண்டு, ஏரிக்குள் ஒரு புள்ளிகூடப் போடாது. முதலில் மீட்டர் அலகில் அளக்கும் யுடிஎம் (UTM) முறைக்கு மாற்ற வேண்டும். 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே, அதாவது மதுரை, சேலம், திருச்சி, சென்னை எல்லாம் 44-வது மண்டலம், மென்பொருளில் அதன் எண் 32644. கோயம்புத்தூர்ப் பக்கம் 43, எண் 32643. புள்ளிகளுக்கு 1 முதல் எண் கொடுத்து, ஜிபிஎக்ஸ் கோப்பாகக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளலாம். கைப்பேசியை உறையில் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது நல்லது.

கருவிகள்

ஆழக்கழி: இரண்டரை மீட்டர் பிவிசி குழாய், 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, 50-க்கு ஒரு சிவப்பு வளையம். அடியில் 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு தட்டு திருகியிருக்க வேண்டும். தட்டு இல்லாத கழி வண்டலுக்குள் சத்தமில்லாமல் ஒரு சாண் இறங்கும். அந்த ஒரு சாணும் ஆழக் கணக்கில் சேர்ந்துவிடும். தட்டில்லாத மறுமுனையைத் திருப்பி, கெட்டித்தரை தட்டும்வரை அழுத்தினால் வண்டலின் தடிமன் கிடைக்கும். ஒரே கழியில் இரண்டு அளவு.

ரேக்: தோட்டத்தில் குப்பை வாரும் இரும்பு ரேக்கின் தலை இரண்டு, 35 சென்டிமீட்டர் அகலம், முதுகோடு முதுகு சேர்த்து வெல்டிங். பிடிக்கு 1 அங்குல ஜிஐ குழாய் ஒன்றரை மீட்டரில் இரண்டு துண்டு, நடுவில் கப்ளிங். கப்ளிங்கில் ஒரு துளை போட்டு போல்ட் முடுக்காவிட்டால், இடப்பக்கம் திருகும்போது மரை கழன்று கீழ்த்துண்டு சேற்றிலேயே நின்றுவிடும். மேல்துண்டு மட்டும் கையோடு வரும். போல்ட் இருந்தாலும் வலப்பக்கமே திருகிப் பழகுவது பாதுகாப்பு. இரண்டரை மீட்டருக்கு மேல் ஆழமுள்ள, மதகு இருக்கும் கரையை ஒட்டிய சில புள்ளிகளுக்கு இதே போல இன்னொரு தலையை 10 மீட்டர் நைலான் கயிற்றில் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

மிதவைச் சட்டம்: 1 மீட்டருக்கு 1 மீட்டர். முக்கால் அங்குல பிவிசி குழாய் மூன்று துண்டு, எல்போ இரண்டு, மூடி இரண்டு. நான்காவது பக்கம் கொக்கியில் மாட்டும் கயிறு. நான்கு பக்கமும் குழாயாக இருந்தால் தாமரைத் தண்டையும், நாணல் போல எழுந்து நிற்கும் சம்பையும் தாண்டி உள்ளே நுழையாது. செடியின் தலைமேல் கவிழ்க்கத்தான் முடியும், கவிழ்த்தால் செடி சாய்ந்து பரப்பளவு பொய்யாகும். பசையைக் குழாயிலும் எல்போவிலும் இரண்டிலும் தடவ வேண்டும். ஒரு மூட்டு கசிந்தாலும் மதியத்துக்குள் சட்டம் ஒரு பக்கமாக முழுகும். முதல்நாளே தண்ணீர்த் தொட்டியில் இரவு முழுக்கப் போட்டுச் சோதித்துவிடலாம்.

தெளிவுத் தட்டு: தண்ணீரின் தெளிவை அளக்க. 20 சென்டிமீட்டர் விட்டம், நான்கு கால்பாகமாகக் கறுப்பு வெள்ளை அடித்த இரும்புத் தட்டு. பழைய சிடியில் செய்தால் 12 சென்டிமீட்டர்தான் வரும். மற்றவர்களின் அளவோடு ஒப்பிட முடியாது.

இவை தவிர வெள்ளைத் தட்டு ஒன்று, 10 மடங்கு லென்ஸ், ஜிப் உறைகள், பென்சில், டிரேசிங் தாள் துண்டுகள், 5 கிலோ கல்லைக் கட்டிய நங்கூரம், இரண்டு மிதவைச் சட்டை. நீச்சல் தெரியும் என்று சொல்லி மிதவைச் சட்டையை விட்டுப் போகிறவரைத் தெப்பத்தில் ஏற்றக் கூடாது. அல்லிக்கொடி காலைச் சுற்றினால் நீச்சல் உதவாது. திறந்திருக்கும் மதகின் பக்கமும் போக வேண்டாம்.

கலிங்கின் தலையில் தொடங்கும் அளவு

வெறும் ஆழத்தை மட்டும் எழுதினால் பதிவு ஒரு மாதத்தில் செத்துப்போகும், ஏனென்றால் ஏரியின் ஆழம் நாளுக்கு நாள் மாறும். மாறாமல் இருப்பது தரை மட்டம். அதனால் தினமும் காலையில் முதல் வேலை, மதகில் உள்ள அளவுகோலைப் படிப்பது. அளவுகோல் அடியில் இருக்கும், கழி சென்டிமீட்டரில் இருக்கும். அங்கேயே மாற்றி எழுதிவிட வேண்டும்.

ஒரு கணக்கு. பிப்ரவரியில் அளவுகோல் 11.4 அடி, அதாவது 3.47 மீட்டர். 58-வது புள்ளியில் ஆழம் 1.20 மீட்டர். அப்படியானால் அந்த இடத்தின் தரை, அளவுகோலின் சுழியிலிருந்து (பூஜ்யக் கோட்டிலிருந்து) 2.27 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் அளவுகோல் 5.2 அடி, 1.58 மீட்டர். 58-வது புள்ளி தண்ணீருக்கு மேலே 69 சென்டிமீட்டரில் காய்ந்து கிடக்கும். அங்கே ஹைட்ரில்லா இல்லை என்பது ஏரியில் ஹைட்ரில்லா குறைந்ததற்குச் சான்று ஆகாது.

இரண்டு மதகிலும் அளவுகோல் இருந்தால் ஒன்றை மட்டும் படிக்க வேண்டும். மதகுக்கு மதகு வாசல்கால் மட்டம் வேறு, சுழியும் வேறு. அளவுகோல் அழிந்துபோயிருந்தால் கவலையில்லை. கலிங்கின் தலைதான் முழு நீர்மட்டம். அங்கிருந்து அன்றைய தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று டேப்பால் அளந்தால் போதும். காற்று எழும்புவதற்கு முன் அளக்க வேண்டும். கலிங்கை உயர்த்திக் கட்டினாலோ இடித்துக் கட்டினாலோ அந்த வருடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு புள்ளியில் ஆறு நிமிடம்

கைப்பேசி காட்டும் இடப்பிழை 5 மீட்டருக்குக் கீழே வரும்வரை காத்திருந்து, நங்கூரம் போட வேண்டும். பக்கத்தில் அழகாக ஒரு செடிக்கூட்டம் தெரியும். தெப்பம் தானாக அந்தப் பக்கம் நகரும். நகரவிடக் கூடாது. நகர்ந்தால் 106 புள்ளியிலும் செடி இருக்கும், கணக்கு எதற்கும் உதவாது. எந்தப் பக்கம் சட்டம் போடுவது என்பதையும் வீட்டிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்: எப்போதும் இடது முன்பக்கம்.

வரிசை முக்கியம். முதலில் ஆழம், அடுத்து சட்டம், கடைசியில் ரேக். ரேக்கை முதலில் போட்டால் சேறு கலங்கும், பிய்ந்த துண்டுகள் மிதந்து சட்டத்துக்குள் வரும், வேரூன்றியதும் மிதப்பதும் கலந்துவிடும்.

சட்டத்துக்குள் மூன்று அடுக்காகப் பார்த்து எழுத வேண்டும்: நீருக்கு மேலே எழுந்து நிற்பவை, மேல்மட்டத்தில் மிதப்பவை, மூழ்கியவை. தாமரை இலை 70 சதவீதம் மறைக்க, அதன் அடியில் ஹைட்ரில்லா 60 சதவீதம் இருக்கலாம். கூட்டினால் 130 வரும், வரட்டும். சரியான சதவீதம் கண்ணால் சொல்ல முடியாது. 1-க்குக் கீழ், 1–5, 5–25, 25–50, 50–75, 75–100 என்ற ஆறு படி போதும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பத்தரை மணிக்கு மேல் காற்று கிளம்பினால் அலை பளபளத்து மூழ்கியவை தெரியாமல் போகும். அப்போது அந்த அடுக்கை ரேக்கை நம்பித்தான் எழுத முடியும்.

ரேக்கைத் தரை தட்டும்வரை இறக்கி, ஒரே ஒரு முழுச் சுற்று திருகி, நேராக மேலே தூக்க வேண்டும். பற்களில் சில துண்டு மட்டும் என்றால் 1. பற்கள் பாதிக்கு மேல் மூடியிருந்தால் 2. பற்களே தெரியாமல் குவிந்திருந்தால் 3. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியாக. வாலிஸ்நீரியாவின் நாடா இலை பற்களுக்கிடையே வழுக்கிவிடும், காரா நொறுங்கிக் கொட்டிவிடும். ரேக்கைத் தண்ணீருக்குள்ளேயே உதறாமல் அப்படியே வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் தப்பும்.

வேரூன்றாமல் மிதப்பவற்றுக்கு ஓர் எச்சரிக்கை. காலையில் கிழக்கே இருந்த ஆகாயத்தாமரைக் கூட்டம் மாலையில் மேற்குக் கரையில் ஒதுங்கியிருக்கும். மூன்று நாள் வேலையில் ஒரே கூட்டத்தை மூன்று இடத்தில் எழுதிவிட நேரும். இவற்றை ஒரே நாளில், கரைமேல் நின்று எடுத்த படத்திலிருந்தும் தனியாக மதிப்பிட்டு, காற்றுத் திசையையும் எழுத வேண்டும்.

தெளிவுத் தட்டை எல்லாப் புள்ளியிலும் இறக்க வேண்டியதில்லை. ஏரி முழுவதற்கும் ஐந்து இடம் போதும். தெப்பத்தின் நிழல்பக்கம் இறக்கி, மறையும் ஆழம், மீண்டும் தெரியும் ஆழம் இரண்டின் சராசரி. தட்டு தரையைத் தொட்ட பிறகும் தெரிந்தால் எண் எழுதக் கூடாது, "தரை தெரிகிறது" என்று எழுத வேண்டும்.

பெயரில் விழும் பள்ளங்கள்

ஊரில் "பாசி" என்றால் வழுக்கும் பச்சை இழையும் பாசி, ஹைட்ரில்லாவும் பாசி, காராவும் பாசி. வெள்ளைத் தட்டில் ஒரு விரல் தண்ணீர் ஊற்றி, செடியை விரித்துப் பார்த்தால்தான் பிரியும். ஹைட்ரில்லாவில் ஒரு கணுவைச் சுற்றி மூன்று முதல் எட்டு இலை, ஓரத்தில் கண்ணுக்கே தெரியும் பல். நஜாஸ் என்றால் இலையின் அடி தண்டை உறைபோலப் பிடித்திருக்கும், எடுத்தாலே ஒடியும். செரட்டோபில்லத்தின் இலை கவைகவையாகப் பிரியும், நுனி அணில் வால் போல அடர்ந்திருக்கும், வேர் என்பதே கிடையாது. காரா விரலில் நறநறக்கும், பூண்டு அழுகிய வாடை அடிக்கும். மென்மையாக, வாடையில்லாமல் இருந்தால் நைட்டெல்லா. இலைகளுக்கிடையே கடுகைவிடச் சிறிய பைகள் தொங்கினால் பூச்சி பிடிக்கும் யுட்ரிகுலேரியா.

"ஆகாயத்தாமரை" என்ற பெயரை மட்டும் எழுதிவைத்த பதிவை நம்ப முடியாது. முன்பு அது வெல்வெட் போன்ற இலைக்கொத்துடைய பிஸ்டியாவின் பெயர். இப்போது ஊதாப்பூ பூக்கும் வெங்காயத்தாமரையையும் அப்படியே சொல்கிறார்கள், செய்தித்தாள் உட்பட. வெங்காயத்தாமரையிலும் ஒரு பொறி உண்டு: நெருக்கமாக வளர்ந்த இடத்தில் காம்பு நீண்டு, வெங்காய வீக்கம் இல்லாமல் போகும். பூவும் இல்லாத நேரத்தில் மொனோகோரியா என்று தோன்றும். பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கருத்த இறகு போன்ற வேரோடு சுலபமாகக் கையில் வந்தால் வெங்காயத்தாமரை. சேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் மொனோகோரியா.

அல்லியை இலையைப் புரட்டாமல் எழுதக் கூடாது. அடிப்பக்கம் மென்மயிரும், ஓரத்தில் கூரிய பல்லும் இருந்தால் நிம்ஃபியா பூபெசென்ஸ். இது இரவில் மலர்ந்து காலை ஏற ஏறக் கூம்பிவிடும். அடிப்பக்கம் வழவழவென்று, பகலில் மலர்ந்தால் நிம்ஃபியா நௌசாலி. பதினொரு மணிக்குப் போய் "பூ இல்லை" என்று எழுதியவர் முதல் அல்லியைத்தான் பார்த்திருப்பார். சின்னஞ்சிறு அல்லி இலை மாதிரி இருந்து, இலைக்காம்பிலிருந்தே வெள்ளைப்பூ கிளம்பினால் அது நிம்ஃபாய்டிஸ், அல்லிக் குடும்பமே இல்லை. இதழ் முழுக்கச் சரிகை நூல் போல மயிர் இருந்தால் இண்டிகா. நடுவில் மட்டும் ஒரு கொண்டை ஓடினால் ஹைட்ரோஃபில்லா.

கரையோரத்துப் பொன்னாங்கண்ணியையும் சோதிக்க வேண்டும். பூக்கொத்து காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டியிருந்தால் நம் கீரை. நீண்ட காம்பின் நுனியில் பூக்கொத்து, தண்டு உள்ளே குழல் என்றால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆல்டர்நாந்தெரா ஃபிலாக்சிராய்டிஸ். இது ஒரு புள்ளியில் கிடைத்தாலும் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டிய செய்தி.

தீராதவை தீராதவையாகவே இருக்கட்டும். ஆரைக்கீரையின் இனத்தை அதன் வித்துக்காய் இல்லாமல் சொல்ல முடியாது. அது பெரும்பாலும் தண்ணீர் வற்றும்போதுதான் காய்க்கும். கோரையில் முதிர்ந்த விதை வேண்டும். பிப்ரவரியில் "மார்சிலியா இனம்", "சைப்பரஸ் இனம்" என்று நிறுத்திவிட்டு, இரண்டாம் சுற்றில் அதே புள்ளிக்கு வந்து முடிக்கலாம். ஊகித்து முழுப்பெயர் எழுதியதை யாராலும் பின்னால் திருத்த முடியாது.

தாளில் ஏற்றுதல்

ஒவ்வோர் இனத்துக்கும் குறைந்தது ஒரு மாதிரி, முடிந்தால் மூன்று. உறைக்குள் புள்ளி எண்ணை டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதிப் போட வேண்டும். பால்பாயின்ட் மை ஈரத்தில் பரவிவிடும். தெப்பத்தில் வெயிலில் கிடந்தால் ஹைட்ரில்லா மதியத்துக்குள் கறுத்துக் குழையும். பனிக்கட்டிப் பெட்டியில், கட்டி நேரே படாமல் வைத்து, அன்று மாலையே தாளில் ஏற்றிவிட வேண்டும்.

மூழ்கிய செடியைக் கையால் தாளில் வைத்தால் ஒரே கயிறாகச் சுருண்டுவிடும். அகலத் தட்டில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி, செடியை மிதக்கவிட்டு, அடியில் 42-க்கு 28 சென்டிமீட்டர் தாளை நுழைத்து, தூரிகையால் கிளைகளைப் பிரித்து, ஒரு மூலையைப் பிடித்து மெல்லச் சாய்த்துத் தூக்க வேண்டும். தண்ணீர் வடியும்போது இலைகள் தாமாகவே விரிந்து படியும். மேலே பழைய வேட்டித் துணி ஒரு துண்டு. இல்லாவிட்டால் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது இலையும் சேர்ந்து வரும். முதல்நாள் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாள் மாற்றம், பிறகு தினம் ஒரு தடவை. கட்டுகளுக்கிடையே நெளி அட்டை வைத்து மின்விசிறி அடியில் போட்டால் பூஞ்சணம் பிடிக்காது.

பூச்சிக்குப் பழைய ஆட்கள் மெர்க்குரிக் குளோரைடு பூசுவார்கள். அது கொடிய நஞ்சு, வேண்டாம். காய்ந்த தாள்கட்டை உறையில் இறுக்கி ஏழு நாள் ஃப்ரீசரில் வைத்தால் போதும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பம் ஏறிய பிறகுதான். அவசரப்பட்டால் தாள் முழுக்க வியர்த்துவிடும்.

சீட்டில் புள்ளி எண், ஆழம், அளவுகோல், தேதி, பூவின் நிறம். நிறம் காய்ந்தால் போய்விடும். ஊரில் சொன்ன பெயரையும், சொன்னவர் மீனவரா, ஆடு மேய்ப்பவரா என்பதையும் எழுதலாம். பெயர் தொழிலுக்குத் தொழில் மாறும். ஒரு பிரதி வீட்டில், ஒன்று உலர்தாவரக் காப்பகத்துக்கு. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சியில் ரேபினாட் ஹெர்பேரியம். எதையும் எடுத்துக்கொண்டு போவதற்கு முன் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.

வெற்றுக் கட்டம்

தாளில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. தேடினோம், இல்லை: 0. தரை காய்ந்திருந்தது: வ. போகவே முடியவில்லை: போ. மூன்றும் மூன்று செய்தி. காலிக் கட்டத்தை மென்பொருள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்.

கணக்கில் இது எவ்வளவு மாற்றும் என்று பார்க்கலாம். எடுத்துக்காட்டாக 106 புள்ளியில் 14 வ, 7 போ என்று வைத்துக்கொண்டால் உண்மையில் பார்த்தது 85. ஹைட்ரில்லா 34 புள்ளியில் இருந்தால் 40 சதவீதம். 106 ஆல் வகுத்தவருக்கு 32 வரும். இரண்டு வருடத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாக வகுத்தால், ஏரியில் ஒன்றுமே நடக்காமல் செடி எட்டு சதவீதம் குறைந்துபோகும்.

அந்த 7 புள்ளியும் பெரும்பாலும் சம்புக்காட்டுக்குள் இருக்கும். அவற்றைக் கணக்கிலிருந்து தள்ளினால் சம்பின் அளவு குறைவாகவே வரும். விளிம்பிலிருந்து பைனாகுலரில் பார்த்து "சம்பு, கண்ணால் மட்டும்" என்று வேறு நிறத்தில் குறித்து, படத்திலிருந்து பரப்பை அளந்து சேர்க்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

ரேக்கின் பற்கள், நங்கூரக் கயிற்றின் முடிச்சு, தெப்பத்தின் அடி, செருப்பு: இந்த நான்கிலும் செடித்துண்டு ஒட்டியிருக்கும். ஹைட்ரில்லாவுக்கு ஒரு கணு போதும், நீரில் மிதக்கும் சால்வினியாவுக்கும் அப்படித்தான். அடுத்த ஏரியில் பிடித்துக்கொள்ளும். கரையிலேயே தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் வாய்க்காலில் விழக் கூடாது, ஏனென்றால் வாய்க்கால் அடுத்த ஏரிக்குத்தான் போகிறது. பிறகு சிமெண்டுத் தரையில் இரண்டு நாள் நல்ல வெயில். கயிற்று முடிச்சை அவிழ்த்துக் காயப்போட வேண்டும்; வெளியே காய்ந்திருந்தாலும் முடிச்சுக்குள் ஈரம் இருக்கும்.